முதற்சுற்றிலேயே வெளியேறிய கல்லூரி அணி அடுத்த பருவகாலத்தை எப்படித் தொடங்க வேண்டும்?

பம்பலப்பிட்டி முகாமையாளர் கேட்டது:

வணக்கம். கொழும்பிலுள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணிக்கு நான் மூன்று ஆண்டுகளாக முகாமையாளராக இருந்து வருகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், ஏனெனில் பிள்ளைகளில் பலர் இன்னமும் அந்தத் தோல்வியிலிருந்து மீளவில்லை.

கடந்த பருவகாலத்தில் லீக் ஆட்டங்கள் ஒன்றில்கூட நாங்கள் தோற்கவில்லை. எங்கள் பயிற்றுநரின் முறை எல்லோரும் அறிந்ததுதான்: தடுப்பாட்டம் முதலில், தாக்குதலில் அவசரம் கூடாது, நல்ல எறிகை கிடைக்கும் வரை பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரணிகளை 50 புள்ளிகளுக்குள் மடக்கி வைப்பது எங்களுக்கு வழக்கமாகியிருந்தது. பின்னர் விலகல் முறைச் சுற்றுப்போட்டி வந்தது. அதன் முதல் ஆட்டத்திலேயே, யாரும் பொருட்படுத்தாத ஓர் அணியிடம் 17 புள்ளி வித்தியாசத்தில் தோற்றுப்போனோம். அவர்கள் தூரத்திலிருந்து எறிந்தவை ஒன்றன்பின் ஒன்றாக வளையத்துக்குள் விழுந்தன. பின்தங்கியபோது விரைந்து ஆடி மீண்டுவர எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, ஏனெனில் விரைந்து ஆட வேண்டிய நிலை அந்தப் பருவகாலம் முழுவதும் அவர்களுக்கு வந்ததே இல்லை. ஆட்டம் முடிந்ததும் எங்கள் அணித்தலைவர் ஒரு சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மற்றதைக் கழற்ற மறந்தவராக, அரை மணித்தியாலம் வாங்கிலேயே அமர்ந்திருந்தார். அந்தக் காட்சி என் கண்ணை விட்டு அகலவில்லை.

இப்போது பழைய மாணவர்களில் ஒரு சாரார் இந்த ஆட்டமுறையை முற்றாகக் கைவிட வேண்டும் என்கிறார்கள். பயிற்றுநரையே மாற்ற வேண்டும் என்போரும் உண்டு. வீரர்களோ அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதன் காணொளி என் கைத்தொலைபேசியில் இருக்கிறது. அதை அவர்களுக்குக் காட்டுவதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் வேர்ஜீனியா பல்கலைக்கழக அணி இதே போன்ற தோல்வியைக் கண்டு மறு ஆண்டே சம்பியன் ஆனது என்று ஒரு நண்பர் சொன்னார். அவர்கள் எதை மாற்றினார்கள், எதை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள் என்பதை விபரமாக அறிந்தவர்கள் தயவுசெய்து எழுத வேண்டும்.

அதிகாலை நேயர், வெள்ளவத்தை:

உங்கள் நண்பர் சொன்னது முற்றிலும் உண்மை. அந்த இரண்டு பருவகாலங்களையும் நான் ஓர் ஆட்டம் விடாமல் பின்தொடர்ந்தவன். அமெரிக்காவில் இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பமாகும் ஆட்டம் எங்களுக்குக் காலை ஆறரை மணியளவில் வரும். ஆகவே மார்ச் மாதமும் ஏப்ரல் முதல் வாரமும் என் வீட்டில் தேநீரும் கூடைப்பந்தாட்டமுமாகத்தான் விடியும்.

முதலில் அந்தத் தோல்வியின் அளவைச் சொல்ல வேண்டும். 2017-18 பருவகாலத்தில் வேர்ஜீனியா 31 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டும் தோற்றிருந்தது. தன் பிராந்திய லீக்கில் முதலிடம், அந்த லீக்கின் சுற்றுப்போட்டியிலும் கிண்ணம், தேசிய சுற்றுப்போட்டியின் 68 அணிகளுள் ஒட்டுமொத்தத் தரவரிசையில் முதல் இடம். அந்தப் போட்டி நான்கு பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் அணிகள் 1 முதல் 16 வரை தரப்படுத்தப்படும். முதற்சுற்றில் 1ஆம் தர அணி 16ஆம் தர அணியைச் சந்திக்கும். 1985 முதல் அதுவரை ஆண்கள் போட்டியில் அப்படி நடந்த 135 ஆட்டங்களிலும் 1ஆம் தர அணியே வென்றிருந்தது. 2018 மார்ச் 16ஆம் திகதி, எங்களுக்கு அது சனிக்கிழமை காலை, மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி அணியிடம் வேர்ஜீனியா 54-74 என்று தோற்றது. இடைவேளையில் இரு அணிகளும் 21 புள்ளிகளுடன் சமமாக நின்றன. ஒரு முழு ஆட்டத்துக்கே சராசரியாக 54 புள்ளிகள் அளவில் மட்டும் விட்டுக்கொடுத்து வந்த வேர்ஜீனியா, அன்று இரண்டாம் பாதியில் மாத்திரம் 53 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. பால்டிமோர் கவுண்டி தூரத்திலிருந்து எறிந்த 24 மூன்று புள்ளி எறிகைகளில் 12 உள்ளே போயின. வேர்ஜீனியாவின் 22இல் 4 மட்டுமே போயின. நீங்கள் எழுதிய ஆட்டத்தை வாசித்தபோது எனக்கு அந்தக் காலைப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது.

பயிற்றுநர் டோனி பெனட் அந்தத் தோல்விக்குப் பிறகும் தடுப்பாட்ட முறையைக் கைவிடவில்லை. அது அவருடைய தந்தை டிக் பெனட் உருவாக்கிய முறை. பந்தை வைத்திருப்பவரை ஒருவர் நெருங்கி அழுத்துவார். மற்ற நால்வரும் வளையத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மீற்றர் தொலைவில் தாமே கற்பனை செய்துகொண்ட ஒரு கோட்டுக்கு உள்ளே நெருக்கமாக நிற்பார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே புக யாருக்கும் வழி கிடையாது. தூரத்திலிருந்து எறிய விரும்பினால் எறியலாம், ஆனால் எறியும் நேரத்தில் ஒரு கை முகத்துக்கு நேரே உயர்ந்திருக்கும். அந்தக் கை சற்றுப் பிந்தினால் என்ன நடக்கும் என்பதைத்தான் பால்டிமோர் கவுண்டி அன்று காட்டியது.

மாறியது தாக்குதல் பக்கம். வளையத்தைச் சுற்றி இருவர் மறைப்பிட, அதாவது எதிரணித் தடுப்பாளரின் வழியில் நின்று அவரை மறிக்க, மற்றவர்கள் அவர்களைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பழைய அமைப்பைத்தான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆடி வந்தார்கள். 2018-19இல் அதை முற்றாக விட்டுவிடாமல், பந்தை வைத்திருப்பவருக்கே மறைப்பிட்டு, அங்கிருந்து தொடர்ந்து சுழலும் இன்னோர் அமைப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். கைல் கய், டை ஜெரோம் ஆகிய இருவருக்கும் அது திறந்த எறிகைகளைத் தந்தது. மணிக்கட்டு முறிந்து 2018 தேசிய சுற்றுப்போட்டியில் ஆட முடியாமற்போன டியான்ட்ரே ஹன்டர் திரும்பி வந்தார். முதலாம் ஆண்டு மாணவரான கிஹே கிளார்க் என்ற சிறிய உருவமுடைய வீரர் பந்தைக் கொண்டுசெல்லும் சுமையில் பங்கெடுத்துக்கொண்டார். வேர்ஜீனியா தடுப்பாட்டத்தை மட்டும் நம்பிச் சம்பியனான அணி என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. அவர்கள் மெதுவாக ஆடியதால் புள்ளிப்பலகையில் எண்கள் சிறியவையாகத் தெரிந்தன. ஒரு தாக்குதலுக்கு எத்தனை புள்ளிகள் என்று கணக்கிட்டால் அவ்வாண்டு அமெரிக்காவின் மிகச் சிறந்த தாக்குதல் அணிகளுள் ஒன்று வேர்ஜீனியா.

அந்தப் பருவகாலத்தில் முதல் 16 ஆட்டங்களையும் வென்று, 17ஆவதில் டியூக் அணியிடம் 70-72 எனத் தோற்றார்கள். முழுப் பருவகாலத்திலும் 35 வெற்றிகள், மூன்றே தோல்விகள். அம்மூன்றில் இரண்டு டியூக்கிடம், ஒன்று புளோரிடா ஸ்டேட்டிடம். ஆயினும் தேசிய சுற்றுப்போட்டி ஆரம்பமானபோது எல்லோர் கண்ணும் அந்தப் பழைய காயத்தின் மீதே இருந்தது. முதல் ஆட்டத்தில் 16ஆம் தர அணியான கார்ட்னர்-வெப்பிடம் அவர்கள் ஒரு கட்டத்தில் 14 புள்ளிகள் பின்தங்கினார்கள். இடைவேளையில் 30-36. முன்னைய ஆண்டின் கதை அப்படியே திரும்புகிறது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவர்கள் அவசரப்படவில்லை, முறையைக் கலைக்கவும் இல்லை. இரண்டாம் பாதியில் 20 புள்ளிகளை மட்டும் விட்டுக்கொடுத்து 71-56 என்று வென்றார்கள். என் அபிப்பிராயத்தில் கிண்ணத்தை விடப் பெரிய வெற்றி அந்த இரண்டாம் பாதிதான்.

அதற்குப் பின் வந்தவை நம்ப முடியாதவை. பர்டியூ அணிக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணியின் கார்சன் எட்வர்ட்ஸ் தனியொருவராக 42 புள்ளிகள் எடுத்தார். முடிய ஆறு செக்கன் கூட இல்லாதபோது ஜெரோமின் இரண்டாவது பிரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிகை, தவறியது. வேர்ஜீனியாவின் டியாகிட்டே பந்தைப் பின்னால் தட்டிவிட, அது மைதானத்தின் மறுபாதிக்கே ஓடியது. கிளார்க் அதைத் துரத்திப் பிடித்து, நிதானமாகத் திரும்பி, நீண்ட பாஸ் ஒன்றை டியாகிட்டேயிடமே அனுப்ப, மணி ஒலிக்கும்போது பந்து காற்றில் இருந்தது. 70-70. மேலதிக நேரத்தில் 80-75. அரையிறுதியில் ஓபர்ன் அணிக்கு எதிராக 0.6 செக்கன் மீதமிருக்க, இரண்டு புள்ளிகள் பின்தங்கிய நிலையில் கைல் கய் மூன்று பிரீ த்ரோக்களுக்காகக் கோட்டில் நின்றார். மூன்றும் உள்ளே. 63-62. இறுதியாட்டத்தில் டெக்சாஸ் டெக் முன்னிலையில் இருக்க, சுமார் 12 செக்கன் இருக்கும்போது ஹன்டர் வலப்புற மூலையிலிருந்து மூன்று புள்ளிகள் எடுத்துச் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் 85-77. அது எங்களுக்கு 2019 ஏப்ரல் 9ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை. சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரம் சுடத் தொடங்கியிருந்த என் அம்மா, நான் கத்திய சத்தத்தில் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

கார்ட் 4, கொட்டாஞ்சேனை:

மேலே எழுதியவரின் விபரங்கள் எல்லாம் சரி. ஆனால் முகாமையாளர் அண்ணா, அதை அப்படியே எடுத்து உங்கள் அணிக்குப் பொருத்த வேண்டாம் என்று அக்கறையோடு சொல்கிறேன். எட்டு ஆண்டுகள் பந்தைக் கொண்டுசெல்லும் கார்டாக ஆடியவன் நான். அந்த நெருக்கத் தடுப்பாட்டத்தை ஒரு பயிற்றுநர் எங்களுக்குப் பழக்க முயன்றதன் விளைவையும் கண்டவன்.

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் ஒரு தாக்குதலுக்கு 30 செக்கன் உண்டு. சர்வதேச விதிகளின் கீழ் ஆடும் எங்களுக்கு 24 செக்கன்தான். தவறிய எறிகையில் திரும்பி வரும் பந்தை, அதாவது ரீபவுண்டை, தாக்கும் அணியே எடுத்தால் 14 மட்டும். "நல்ல எறிகை வரும் வரை காத்திரு" என்று பெனட் சொன்னபோது அவருடைய வீரர்களிடம் இருந்த அந்த ஆறு செக்கன் எங்களிடம் இல்லை. ஒருவர் எட்டுச் செக்கன் எடுத்து நடுக்கோட்டைத் தாண்டினால் மிச்சம் 16 தான். மூன்று பாஸ், ஒரு மறைப்பு, அவ்வளவுதான். அதற்குள் ஒன்றும் அமையாவிட்டால் யாரோ ஒருவர் நெருக்கடியில் எறிய வேண்டியதாகிவிடும்.

மூன்று புள்ளிக் கோடும் வேறு. வேர்ஜீனியா சம்பியனான ஆண்டில் அமெரிக்கக் கல்லூரிக் கோடு 6.32 மீற்றரில் இருந்தது. அதற்கு அடுத்த பருவகாலத்தில்தான் அவர்கள் எங்கள் 6.75 மீற்றருக்கு வந்தார்கள். ஐந்து மீற்றரில் நிற்கும் தடுப்பாளர் எறிபவரை எட்ட அவர்களுக்கு ஒன்றேகால் மீற்றர் ஓடினால் போதுமாக இருந்தது, எங்களுக்கு ஒன்றேமுக்கால். கேட்பதற்கு அது சிறிய வித்தியாசமாகத் தோன்றும். நான்காவது கால்பகுதியில், கால்கள் களைத்த நிலையில், அந்த அரை மீற்றர்தான் கை உயர்வதற்கும் பிந்துவதற்கும் இடையிலுள்ள தூரம். கோடு தூரமாக இருப்பதால் எறிபவருக்கும் சிரமம் என்பது உண்மை, ஆனால் உங்களை வென்ற அணி அன்று அந்தச் சிரமத்தைப் பொருட்படுத்தவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வலிமையான அணி மெதுவாக ஆடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வேர்ஜீனியா அந்த இரண்டு ஆண்டுகளிலும் நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணி. ஓர் ஆட்டத்தில் அவர்களுக்கு 60 தாக்குதல்கள் அளவில்தான் கிடைத்தன. சராசரி அணிக்கு எழுபதை ஒட்டி வரும். நூறு தடவை நாணயம் சுண்டினால் தலையும் பூவும் ஏறத்தாழச் சரிபாதியாக விழும். பத்துத் தடவை சுண்டினால் ஏழு தலை விழுந்தாலும் வியப்பில்லை. தாக்குதல்கள் குறையக் குறைய, திறமை தன்னை நிரூபிக்கக் கிடைக்கும் அவகாசம் குறைகிறது, அன்றைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுகிறது. லீக்கில் ஒரு நாள் சறுக்கினாலும் மறு ஆட்டம் இருக்கும். விலகல் முறையில் அது கிடையாது. லீக் முழுவதும் வென்று முதற்சுற்றில் நீங்கள் வெளியேறியதற்கு வீரர்களின் மனத்துணிவு மட்டும் காரணம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். மூன்று நான்கு ரீபவுண்டுகளுக்குப் பின்னாலாவது பந்தை உடனே முன்னோக்கி எறிந்து ஓடும் பழக்கத்தை இந்தப் பருவகாலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தடுப்பாட்டத்தை நீங்கள் விட வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற பயிற்றுநர், தெஹிவளை:

தம்பிமார் இருவரும் எழுதியதை ஆர்வத்தோடு வாசித்தேன். கொட்டாஞ்சேனைத் தம்பியின் கணக்கு சரியானது. பந்தை முன்னோக்கி எறிந்து ஓடும் யோசனையையும் நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். முகாமையாளர் கேட்ட காணொளிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன், ஏனெனில் முப்பது ஆண்டுப் பயிற்சிப் பணியில் நான் அதிகமாகத் தவறிழைத்தது அந்த ஒரு விடயத்தில்தான்.

ஒருமுறை என் அணியும் இப்படித்தான் தோற்றது. அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது, புதிய பருவகாலம், புதிய தொடக்கம் என்று நான் கட்டளையிட்டேன். பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஆண்டு அதே போன்ற ஓர் ஆட்டத்தில் ஆறு புள்ளிகள் பின்தங்கியவுடன் ஐந்து பேரின் முகமும் ஒரே மாதிரி வெளிறியதைக் கண்டேன். நான் பேசாமல் மூடி வைத்தது அவர்களுக்குள் அப்படியே இருந்திருக்கிறது. அன்று ஆட்டத்தை இடைநிறுத்த நேரம் கேட்டு அவர்களை அழைத்தபோது என்னிடமும் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்தச் சொற்களை நாங்கள் ஓராண்டாகப் பழகவே இல்லையே.

வேர்ஜீனியாவின் கைல் கய் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டார். பால்டிமோர் கவுண்டி வீரர்கள் கொண்டாடும் வேளையில் தாம் குனிந்து நிற்கும் படத்தை மறைக்காமல், தம் சமூக ஊடகப் பக்கத்தின் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டார். தமக்கு இருந்த மனப்பதற்றத்தைப் பற்றியும் வெளிப்படையாக எழுதினார். பயிற்றுநர் பெனட்டும் அந்தத் தோல்வியைப் பற்றிய கேள்விகளை அந்த ஆண்டு முழுவதும் தவிர்க்காமல் எதிர்கொண்டார். ஓராண்டு முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்துப் பழகிய இளைஞர்தான் 0.6 செக்கனில் கோட்டில் நின்றவர் என்பதை உங்கள் வீரர்களுக்குச் சொல்லுங்கள்.

காணொளியைக் காட்டுங்கள். ஆனால் முழு ஆட்டத்தையும் ஒரே இருப்பில் காட்டினால் அது தண்டனையாகிவிடும். முதலில் நீங்கள் தனியாக இருந்து பாருங்கள், கையில் புள்ளிப்பதிவுத் தாளை வைத்துக்கொண்டு பாருங்கள். எதிரணியின் ஒவ்வொரு மூன்று புள்ளி எறிகைக்கும் உங்கள் வீரரின் கை எங்கே இருந்தது என்று குறியுங்கள். அதன் பின்னர் பத்து நிமிடத்துக்கு மேற்படாத ஒரு பகுதியைத் தெரிவுசெய்து, அணித்தலைவரிடம் முன்கூட்டியே காட்டி, அவர் சம்மதித்த பிறகு மற்றவர்களுக்குக் காட்டுங்கள். பேசத் தொடங்குவது நீங்களாகவோ பயிற்றுநராகவோ இருக்க வேண்டாம்.

இன்னுமொரு கேள்வி. அந்த ஆட்டத்தில் உங்கள் பிரீ த்ரோக்கள் எத்தனை, உள்ளே போனவை எத்தனை? வேர்ஜீனியா 2019 இறுதியாட்டத்தின் மேலதிக நேரத்தில் எறிந்த 12 பிரீ த்ரோக்களும் உள்ளே போயின. 4.6 மீற்றரில் யாரும் தடுக்காமல் நிற்கும் அந்த எறிகைக்கு உயரமும் வேகமும் தேவையில்லை. பயிற்சி மட்டும் போதும். பெரும்பாலான கல்லூரி அணிகள் அதைப் பயிற்சி முடிந்து பை தூக்கும் நேரத்தில் பத்துப் பத்தாக எறிந்துவிட்டுப் போகின்றன.

பம்பலப்பிட்டி முகாமையாளர்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா கேட்டபடி நேற்றிரவு புள்ளிப்பதிவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆட்டம் திறந்தவெளி மைதானத்தில் நடந்தது. மூன்றாவது கால்பகுதிக்கு முன் மழை பெய்து, பிள்ளைகள் தும்புத்தடியால் சீமெந்துத் தரையிலிருந்து நீரை ஒதுக்கிய பிறகே மீண்டும் தொடங்கினோம். தாளின் ஒரு மூலையில் மை கரைந்து போயிருக்கிறது. ஆனாலும் எண்ண முடிந்தது. எங்களுக்குக் கிடைத்த பிரீ த்ரோக்கள் 22, உள்ளே போனவை 9. தவறிய அந்த 13இல் ஐந்தை எறிந்தவர் எங்கள் அணித்தலைவர். அவர் ஏன் மற்றச் சப்பாத்தைக் கழற்றாமல் அப்படி அமர்ந்திருந்தார் என்பது எனக்கு நேற்றிரவுதான் விளங்கியது. நாங்களெல்லாம் எதிரணியின் மூன்று புள்ளி எறிகைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

காணொளியையும் பார்த்தேன். முதற்பாதியில் எங்கள் தடுப்பாட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழைக்குப் பிறகு எங்கள் வீரர்கள் வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் எறிபவரை நோக்கி ஓடாமல் நின்ற இடத்திலேயே கையை மட்டும் உயர்த்தியிருக்கிறார்கள். கொட்டாஞ்சேனைத் தம்பி சொன்ன அந்த அரை மீற்றர் அங்கே கண்கூடாகத் தெரிகிறது. எதிரணியும் அதே ஈரத் தரையில்தான் ஆடியது, ஆனால் அவர்கள் தூரத்தில் நின்ற இடத்திலிருந்தே எறிந்ததால் ஈரம் அவர்களை அவ்வளவாகப் பாதிக்கவில்லை.

அணித்தலைவரை இன்று மாலை சந்தித்தேன். காணொளியைப் பற்றிக் கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணா, நான் அதை ஏற்கெனவே பலதடவை பார்த்துவிட்டேன்" என்றார். பத்து நிமிடப் பகுதியைத் தானே தெரிவுசெய்து தருவதாகவும் சொன்னார். பயிற்றுநரை மாற்றும் பேச்சைப் பொறுத்தவரை, இந்த விபரங்களோடு பழைய மாணவர்களிடம் நானே போய்ப் பேசப்போகிறேன். 31 வெற்றிகளுக்குப் பின் அப்படித் தோற்ற ஒரு பயிற்றுநரை அவருடைய பல்கலைக்கழகம் வைத்துக்கொண்டது என்பதை அவர்கள் கேட்க வேண்டும்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கொழும்பில் பிற்பகல் மழை இடியோடு வருவது வழக்கம், எங்களுக்குக் கிடைப்பதோ மாலை நான்கு மணி மைதானம்தான். உள்ளக அரங்கொன்றை வாடகைக்கு எடுக்க எங்களிடம் வசதி இல்லை. பயிற்சியை எப்படி ஒழுங்குசெய்வது?

ஓய்வுபெற்ற பயிற்றுநர், தெஹிவளை:

காலையில் வையுங்கள், தம்பி. அந்த மாதங்களில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கூடிவரும். ஐந்தரைக்கு வெளிச்சம் வரத் தொடங்கும்போது தரை பெரும்பாலும் காய்ந்திருக்கும். தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு முதல் பஸ் கிடைக்குமா என்று விசாரித்து நேரத்தைத் தீர்மானியுங்கள்.

மாலை மைதானத்தையும் விட வேண்டாம். மழை விட்டதும் நீரை ஒதுக்கிவிட்டு, ஓட்டமில்லாத பயிற்சிக்கு அதைப் பயன்படுத்துங்கள். ஈரப் பந்தைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொருவரும் ஐம்பது பிரீ த்ரோ. எண்ணிக்கையை ஒரு கொப்பியில் அவரவர் கையாலேயே எழுத வேண்டும். முதல் பெயராக அணித்தலைவரின் பெயரை எழுதச் சொல்லுங்கள். இந்தச் சனிக்கிழமை எனக்கு வேலை ஒன்றும் இல்லை. மைதானம் எங்கே என்று தனிமடலில் அறிவித்தால் நானும் வந்து பந்து பொறுக்கித் தருகிறேன்.